தண்ணி ஆசிட்

அவர் கடை ஆசிட்டில் உப்புக்கறை போகாது. உத்திரமேரூரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். போர் தண்ணீரின் உப்பு குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும் ஊர் அது. ஆசிட் வாங்காத வீடே கிடையாது. ஆனாலும் விவரம் தெரிந்தவர்கள் பஜார் கோடியில் இருந்த அவர் கடையைத் தாண்டி நடந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேறொரு கடையில்தான் வாங்குவார்கள். அவரிடம் ஆசிட் வாங்குகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, ஊருக்குப் புதியவர்கள். இன்னொன்று, அவர் மேல் பாவப்பட்டவர்கள். நான் முதல் வகையில் சேர்ந்து இரண்டாம் வகைக்கு மாறியவள்.

'தண்ணி ஆசிட் பாய்' என்பதுதான் ஊரில் அவருக்குப் பெயர். கயிறு, வாளி, துடைப்பம், பினாயில், சுண்ணாம்பு என்று எல்லாம் விற்பார். மற்ற சாமான்களில் ஒரு குறை சொல்ல முடியாது. கயிறு அளக்கும்போது கை தாராளமாக நீளும். ஓட்டை வாளியை அடுத்த வருஷம் கொண்டு போனாலும் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார். அப்படிப்பட்ட மனிதர் ஆசிட் விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி என்று யாருக்கும் புரியவில்லை. புரியாததற்கு ஊர் என்ன பதில் வைத்திருக்கும்? பேராசை என்றது.

நான் வேதியியல் ஆசிரியை. மாற்றலாகி அந்த ஊருக்கு வந்தபோது, அவர் வீட்டு மாடியைத்தான் வாடகைக்கு எடுத்தேன். கீழே அவர், மேலே நான். வார நாட்களில் தனியாக இருப்பேன், சனிக்கிழமை திண்டிவனத்துக்கு, என் வீட்டுக்குப் போய்விடுவேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். வந்த முதல் வாரமே அவரோடு சண்டை.

சண்டை குளியலறைக் கதவைப் பற்றியது. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள்தான் இருந்தன. கதவின் அடிப்பக்கத்தை ஒரு சாண் அளவு ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளையும் கழற்றியாகிவிட்டது. தனியாக இருக்கிற பெண்பிள்ளைக்கு இப்படி ஒரு குளியலறையா என்று படி இறங்கிப் போய்க் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மாடிக் கதவைத்தான் இழுத்துப் பூட்டிக்கொள்கிறீர்களே, அப்புறம் உள்ளே எதற்குத் தாழ்ப்பாள் என்றார். மழைக்காலத்தில் தவளை வருகிறதே என்றேன்.

"தவள இன்னா கடிக்கவா போவுது, டீச்சர்? காத்து வரட்டும். காத்து வந்துக்கினே இருக்கணும்."

இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் திறந்திருந்த வாசலைப் பார்த்தார். நானே காசு கொடுத்து ஒரு தாழ்ப்பாள் வாங்கி ஆள் வைத்துப் போட்டேன். திங்கட்கிழமை ஊரிலிருந்து திரும்பியபோது அது இல்லை. கழற்றித் துணியில் சுற்றி, என் வாசலில் மரியாதையாக வைத்திருந்தார். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். வேறு வீடு கிடைக்கவில்லை, அதனால் தங்கினேன். தங்கிய பிறகுதான் காலைக் குரல் காதில் விழ ஆரம்பித்தது.

விடிந்ததும் கீழ் வீட்டில் அவர் பேசுவார். சத்தமாக அல்ல, அடுத்த அறையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும் அளவுக்கு. "மோட்டார் போட்டுக்கீறேன். நானே நிறுத்திடறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "பாத்ரூம்ல ஒன்னும் போடல. தண்ணி மட்டும்தான் ஊத்தினேன்." பிறகு, "நாஷ்டா துன்ட்டேன். கடைக்குப் போறேன்." பதில் எதுவும் கேட்காது. வீட்டம்மா கூச்ச சுபாவம் போலிருக்கிறது, வெளியே தலை காட்டுவதில்லை, மெல்லப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு ஒப்பித்துவிட்டுப் போகிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று மனதுக்குள் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன். என் வீட்டுக்காரர் ஊருக்குப் போவதையே வழியில் இருந்து போன் செய்துதான் சொல்லுவார்.

ஒரு நாள் படிக்கட்டில் அவரைப் பார்த்தபோது, உங்கள் வீட்டம்மாவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே என்று கேட்டுவிட்டேன்.

"அவ மௌத்தாயிட்டா, டீச்சர். கொரோனா சமயத்துல."

அப்படியானால் காலையில் யாரிடம் பேசுகிறார் என்று கேட்க வாயெடுத்தேன். அவரே புரிந்துகொண்டு, சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் என்றார். இதைச் சொல்லிவிட்டு, "கடைக்குப் போறேன்" என்று என்னிடமும் சொல்லிவிட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு அந்தக் குரலை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. பல் விளக்கிக்கொண்டிருப்பேன். கீழிருந்து "பாத்ரூம்ல ஒன்னும் போடல" என்று வரும். பிரஷ்ஷை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிடுவேன். பதில் வந்துவிடுமோ என்று ஒரு பயம். நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. ஆனாலும் நிற்பேன்.

கடையில் அவருக்கு இன்னொரு கிறுக்கு இருந்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டை கடையின் இந்தக் கோடியில் என்றால் ஆசிட் கேன் அந்தக் கோடியில் இருக்கும். இரண்டையும் ஒருவருக்கே ஒரே நாளில் விற்கமாட்டார். மழைக்காலத்தில் அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் இரண்டும் வேண்டும். பாசிக்கு பிளீச்சிங், உப்புக்கறைக்கு ஆசிட். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்பார். அதோடு விடாமல் விசாரணை வேறு. ஒரு தடவை நான் கயிறு வாங்க நின்றிருந்தபோது, பக்கத்து ஊரிலிருந்து நாற்று நடவு முடித்துச் சேற்றுக் காலோடு ஒரு அம்மாள் ஆசிட் கேட்டு வந்தார். வீட்டில் வேறு யாராவது பவுடர் போட்டு ஊறவைத்திருக்கிறார்களா என்று கேட்டார் பாய். எனக்கெப்படித் தெரியும், மருமகள் வீட்டில் இருக்கிறாள் என்றார் அந்தம்மாள். போன் போட்டுக் கேட்கச் சொன்னார். மருமகளோடு பேச்சு வார்த்தை இல்லையாம்.

"அப்போ பேசிட்டு வா. ஆசிட் எங்கியும் ஓடிப் போவாது."

"இன்னா பாய் இது, ஒரு பாட்டல் ஆசிட்டுக்கு எங்க வூட்டுப் பஞ்சாயத்தெல்லாம் பண்ணுவியா?" என்று முந்தானையை உதறிக்கொண்டு அந்தம்மாள் பஸ் நிலையப் பக்கம் நடந்தார். பாய் கடையை விட்டு இறங்கி, அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய், "வூட்ல கேட்டுட்டு ஊத்து, கேட்டுட்டு ஊத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்தக் கடைக்கு வியாபாரம் எப்படி நடக்கும்?

அவர் சொல்வது விஞ்ஞானப்படி சரி என்பது எனக்குத் தெரியும். பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் சொல்கிற பாடம்தான். அந்தக் கவனத்தை மதித்தேன். ஆனால் இவ்வளவு கவனமுள்ள மனிதர் ஆசிட்டில் தண்ணீர் ஊற்றி ஊரை ஏமாற்றுகிறாரே என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் வகுப்பில் வினைவேகம் பாடம் நடத்தும்போது அவர் கடை ஆசிட்டை ஒரு குவளையிலும், ஆய்வகத்து அமிலத்தை இன்னொன்றிலும் ஊற்றி, இரண்டிலும் முட்டை ஓட்டைப் போட்டுக் காட்டினேன். ஆய்வகத்துக் குவளை பொங்கியது. பாய் குவளையில் ஓடு சும்மா கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து, போனால் போகிறதென்று ஒரு குமிழி எழும்பியது. அது யார் கடை ஆசிட் என்று நான் சொல்லாமலே பிள்ளைகள் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். சாயங்காலம் பள்ளியிலிருந்து நேராகக் கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். இதற்கு ஆசிட் என்று பெயர் வைத்து விற்க வெட்கமாயில்லையா என்றுகூடக் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. அதை என்னால் மறக்கவே முடியாது. திட்டு வாங்குகிற மனிதனின் முகமே இல்லை அது.

"அவ்ளோ மெதுவாவா, டீச்சர்? நல்லா பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். அசல் ஆசிட் எப்படி என்றார். போட்டவுடனே பொங்கும் என்றேன். அந்தச் சந்தோஷம் அப்படியே வடிந்தது. கடையை மூடவேண்டும் என்று சொல்லி ஷட்டரை இழுத்தார். இன்னும் வெளிச்சம் போகவில்லை, பஜாரில் கூட்டம் இருந்தது. இருவரும் வீட்டுக்கு நடந்தோம். படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னார்.

கொரோனா நாட்களில் கடையைத் திறக்கவேண்டாம் என்று மனைவி சொல்லியிருக்கிறார். இவர் திறந்திருக்கிறார். சண்டை வந்து, பேச்சு நின்றுபோனது. பேச்சு நின்றதே தவிர வீடு நடந்தது. சோறு மேசைக்கு வந்தது, வேண்டிய சாமான் வாசலுக்கு வந்தது. ஆசிட் தீர்ந்ததும் அந்தம்மா காலி பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டார். இவர் எடுத்துப்போய் நிரப்பி அதே இடத்தில் வைத்தார். எல்லாக் கடைக்காரர்களையும் போல இவரும் அப்போது ஆசிட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துதான் விற்பார். அது அந்தத் தொழிலில் சகஜம், இப்போது கலக்கிற அளவுக்கு அல்ல. மனைவிக்கு மட்டும் கலக்கவில்லை.

"கோவமா கீறாளே, நல்ல சரக்கா குடுப்போம்னு கேன்லேர்ந்து அப்டியே ஊத்தி வெச்சேன். மன்னிச்சிடுன்னு வாயால சொல்றதுக்கு பதிலா."

அன்று விடியற்காலை மழை. குளியலறைத் தரையில் பாசி. மனைவிக்கு முழங்கால் வலி, சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். வழுக்கி விழுந்துவிடப் போகிறாள் என்று, தரை முழுக்க பிளீச்சிங் பவுடரைக் கெட்டியாகத் தூவி, தண்ணீர் தெளித்து ஊறவைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பியிருக்கிறார். சொல்லவில்லை. பேச்சுதான் இல்லையே. தெருவெல்லாம் பிளீச்சிங் தெளித்து ஊரே அந்த வாடையில் கிடந்த காலம் அது, குளியலறையில் அடித்தால் யாருக்கு வித்தியாசம் தெரியும்? கணவன் நல்ல ஆசிட் கொண்டுவந்து வைத்திருக்கிறாரே என்று அந்தம்மா கறை தேய்க்கப் போயிருக்கிறார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டதால் கதவைத் தாழ் போட்டிருக்கிறார்.

மூச்சுத் திணறிச் செத்ததால் ஊர் அதையும் கொரோனாவில் சேர்த்துவிட்டது. இல்லை என்று இவர் சொன்னதை யாரும் நின்று கேட்கவில்லை. கிட்டே வரவே பயந்த நாட்கள் அவை.

தாழ்ப்பாளுக்காக இந்த மனிதரிடம் கத்தினேனே என்று நினைத்தேன். அவர் ஆறுதலை எதிர்பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது வேறு.

"ஒன்னே ஒன்னு சொல்லுங்க, டீச்சர். நான் கடையில விக்கிற தண்ணி ஆசிட்டையே அவளுக்கும் வெச்சிருந்தா, வெளிய வந்திருப்பாளா?"

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிளீச்சிங் பவுடரை நனைத்துவைத்தால் அதற்குள் ஓர் அமிலம் பிறக்கக் காத்திருக்கும். பவுடரில் சுண்ணாம்பு இருக்கிறவரை அது அடங்கிக் கிடக்கும். தண்ணீராக இருக்கிற ஆசிட்டை ஊற்றினால், முதலில் சுண்ணாம்போடு மல்லுக்கட்டியே அதன் பலம் போகும். பிறகுதான் அந்த அமிலம் மெல்லப் பிறக்கும். அது நிலையில்லாத அமிலம். பிடித்து வைக்க முடியாது. ஆசிட் மேலும் மேலும் சேரச் சேர உடைந்து வாயுவாகும். ஊற்றுகிற ஆசிட் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு வேகம். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவேன். அந்தப் படிக்கட்டில் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. கடைசியில் அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

"வாயால வேணாம். நீங்க நல்லவங்க, எனக்காக மாத்திச் சொல்லிடுவீங்க. கண்ணால பாக்கணும்."

எவ்வளவோ மறுத்தேன். அவர் வற்புறுத்தவில்லை, ஆனால் தினமும் காலையில் என் மாடிப்படி அடியில் வந்து ஒரு நிமிஷம் நிற்பார். வேறொன்றும் கேட்கமாட்டார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை, அவர் தொழுகை முடித்து வந்த பிறகு மொட்டை மாடிக்குப் போனோம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து, இருவரும் கொரோனாவில் மிஞ்சிய முகக்கவசம் போட்டுக்கொண்டோம். சின்னக் குவளைகள் இரண்டு, இரண்டிலும் துளி அளவு ஊறிய பவுடர். மேலே வைக்க ஈரமான நீல லிட்மஸ் தாள். வாயு எழுந்தால் தாள் சிவந்து, பிறகு வெளுத்துவிடும். அது வெளுத்தால் அந்த இடத்தில் மூச்சு விட முடியாது என்று அர்த்தம் என்று சொன்னேன். தலையாட்டினார்.

அவர் கையில் ஒரு கயிறு கொண்டுவந்திருந்தார். அவர் கடையில் விற்கிற தேங்காய்நார்க் கயிறு. குளியலறை மூலையிலிருந்து அதன் கதவு வரை அளந்து வெட்டியது. அதன் ஒரு நுனியை மாடிப்படிக் கதவடியில் வைத்து, நேராக இழுத்து, மறு நுனி வந்த இடத்தில் குவளைகளை நகர்த்தி வைக்கச் சொன்னார். எதற்கென்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. வேண்டாம் பாய் என்றேன். அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்து குவளைக்குப் பக்கத்தில் நின்றார்.

முதலில் அசல் ஆசிட்டை ஊற்றினேன். சீறியது. அவர் கதவுப் பக்கம் திரும்பி ஒரு கால் எடுத்து வைத்தார். அவர் வைத்த நடை அவருடையது அல்ல. இடது காலை முதலில் ஊன்றி, வலது காலை இழுத்து, ஒரு கையால் இல்லாத சுவரைப் பிடித்துக்கொண்டு வைத்தார். நான் தாளைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. "பாய்" என்றேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கயிற்றில் முக்கால்வாசிக்கு மேல் அவர் முன்னால் நீண்டு கிடந்தது. அந்தக் குவளையின் மேல் சுண்ணாம்புத் தண்ணீரை வேகமாகக் கொட்டினேன். போதும், கீழே போகலாம் என்றேன்.

"இன்னொன்னு கீதே, டீச்சர்."

திரும்பி வந்து மறுபடி அதே இடத்தில் நின்றார். அவர் கடை ஆசிட்டை இரண்டாவது குவளையில் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் நடக்க ஆரம்பித்தார். அதே நடை, இடது கால், இழுத்து வலது கால், கை சுவரில். வழியில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். அங்கே நிற்பது அந்தம்மாவின் வழக்கம் போலிருக்கிறது. நான் தாளைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பார்த்தேன். தாள் நீலமாகவே இருந்தது. பிறகு ஓரத்தில் லேசாகச் சிவப்பு. அவர் கதவை அடைந்தார். தாழ்ப்பாள் இறுகியிருந்தது போல இரண்டு மூன்று முறை தட்டித் தட்டி இழுத்தார். தாழ் விலகியது. தாள் இன்னும் வெளுக்கவில்லை.

கதவைத் திறந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வந்துட்டா, டீச்சர்."

அதற்குப் பிறகு அவர் கதவை விடவில்லை. ஓரமாக ஒதுங்கி, யாரோ மெதுவாக நடந்து வெளியே போவதற்காகக் காத்திருப்பவர்போல அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கதவுக்கு நேரே, கயிற்றின் மேல் நின்றுகொண்டிருந்தேன். பேய் பிசாசு நம்பாத நான், ஓர் அடி தள்ளி நின்று வழிவிட்டேன்.